சர் பிட்டி தியாகராயர்: மாநகராட்சியிலேயே நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்த வணிகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர் பிட்டி தியாகராய செட்டியாரைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த நிமிஷமே நீதிக்கட்சிக்குப் போய்விடுவோம். கட்சியைத் தொடங்கியவர், அறிக்கை விட்டவர், ஆட்சியைப் பிடித்தும் நாற்காலியில் உட்காராதவர் என்று பட்டியல் நீளும். எல்லாம் சரிதான். ஆனால் கட்சி தொடங்கியபோது அவருக்கு வயது 64. அதற்கு முன்னால் 34 வருஷம் அவர் சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினர். சாக்கடை, குடிநீர், வரி, பள்ளிக்கூடம் என்று பேசிப் பேசியே பழுத்தவர். என்னைக் கேட்டால் அவருடைய அரசியலுக்கு விதை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கோணத்தில்தான் இந்தப் பதில்கள்.

சுருக்கமாக, யார் இவர்?

1852 ஏப்ரல் 27 அன்று பிறந்தார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகம், வசதியான குடும்பம். 'பிட்டி' என்பது குடும்பப் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் வக்கீல் ஆவார்கள், இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவார்கள். இவர் தொழிலுக்குத் திரும்பினார். 1882இல் மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். 1916இல் டி.எம். நாயர், சி. நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து, பின்னால் நீதிக்கட்சி என்று பெயர் பெற்ற பிராமணரல்லாதார் இயக்கத்தைத் தொடங்கினார். 1925 ஏப்ரல் 28 அன்று, 73 வயது முடிந்த மறுநாள், காலமானார்.

தியாகராயரா, தியாகராஜரா?

தியாகராயர். தி.நகர் என்கிற தியாகராய நகருக்கு வைத்தது இவர் பெயர். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளுக்கும் தி.நகருக்கும் சம்பந்தம் இல்லை. பாகவதருக்கும் இல்லை. பேருந்துப் பலகையிலும் கடைப் பலகையிலும் 'தியாகராஜ நகர்' என்று பார்த்தால் அது எழுதியவரின் கைப்பழக்கம்.

என்ன தொழில் செய்தார்?

முதன்மையாக நெசவு. அதோடு தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்பு என்று வடசென்னைக்கே உரிய தொழில்களிலும் கை வைத்திருந்தார்.

வடசென்னைக்கும் துணிக்கும் உள்ள உறவு கம்பெனி காலத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்கு வந்ததே துணி வாங்கத்தான். நெய்த துணியை வெளுப்பதற்கு ஆட்களைக் குடியேற்றிய இடம் வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களுக்கென்றே அமைத்த ஊர்கள் காலடிப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும். இந்தச் சூழலில்தான் தியாகராயரின் குடும்பம் தறி வைத்திருந்தது.

அவர் பிறந்த காலத்தில் அந்தத் தொழில் அடி வாங்கிக்கொண்டிருந்தது. லங்காஷயர் ஆலைத் துணி மலிவாக வந்து இறங்கியது. கைத்தறிக்காரர் பிழைக்க இரண்டு வழிகள்தான் இருந்தன. ஆலைத்துணியால் போட்டி போட முடியாத ரகங்களை நெய்ய வேண்டும், அல்லது தறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும். பழைய குழித்தறியில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். விசைநாடாவில் ஒரு கயிற்றை இழுத்தால் போதும், நாடா தானே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். அகலமான துணியையும் ஒரே ஆள் நெய்யலாம். நெசவாளர்கள் இதை லேசில் ஏற்கவில்லை. பழகிய கை மாறாது, கடன் கொடுத்து நூல் தரும் வியாபாரியும் புதுச் செலவுக்கு இறங்கமாட்டார். தியாகராயர் தறிகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, விசைநாடா வைத்துப் பட்டறையாக நடத்திய தொடக்கக்காலத்தவர்களில் ஒருவர். கைத்தறிதான், ஆனால் ஆலை போன்ற ஒழுங்கு.

வணிகர் சங்கத்திலும் இருந்தாராமே?

ஆமாம். தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், தொடக்கக் காலத்தில் பத்தாண்டுக்கு மேல் அதன் தலைவர்.

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். சென்னையில் 1836 முதலே ஒரு வணிகர் சபை இருந்தது. அது வெள்ளைக்காரக் கம்பெனிகளின் சபை. பாரி, பின்னி, அர்பத்நாட் இவர்கள் வைத்ததுதான் சட்டம். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. சென்னையில் பணம் வைத்திருந்த குடும்பங்களில் பலவற்றின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. விதவைகள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், கோயில் நிதிகள் எல்லாம் அதில் அடக்கம். வெள்ளைக்காரர் கம்பெனி என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் அதோடு போனது. மறு வருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. 1909இல் இந்திய வணிகர்களுக்கென்று தனிச் சங்கம் வந்தது. பட்டப்படிப்பும் இங்கிலீஷும் தெரிந்த, அதே சமயம் தறியும் தோலும் தெரிந்த ஒருவர் அதற்குத் தலைவராகத் தேவைப்பட்டார். தியாகராயர் கச்சிதமாகப் பொருந்தினார்.

மாநகராட்சிக்குள் எப்படி வந்தார்? அந்த நாளில் தேர்தல் இருந்ததா?

இருந்தது, ஆனால் இன்றைய தேர்தலைப் போல் கற்பனை செய்ய வேண்டாம். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றத்தில் பாதிப் பேரை நகரத்து மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் என்றால் வரி கட்டுகிறவர்கள் மட்டும். மீதிப் பேர் அரசாங்கத்தின் நியமனம். மேலே தலைவராக ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி உட்கார்ந்திருப்பார். சபையை நடத்துவதும் அவர், நிர்வாகம் செய்வதும் அவர். உறுப்பினர் கேள்வி கேட்கலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம், பத்திரிகையில் வரும்படி காட்டமாகப் பேசலாம். அவ்வளவுதான்.

1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் உரிமை தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இன்றைய மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் இருப்பது இதனால்தான். அதே 1882இல்தான் தியாகராயர் உள்ளே வந்தார். அப்போது மாநகராட்சி, ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. ரிப்பன் மாளிகை திறந்தது 1913 நவம்பரில்.

நாற்பது ஆண்டுகள் அங்கே என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சாதனைப் பட்டியலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மன்ற வேலை அப்படிப்பட்டது. எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி, குப்பை வண்டிக்கு யார் ஒப்பந்தம் என்பதுதான் தினப்படி. நாற்பது ஆண்டுகளில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வராமல் இருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். கணக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் ஆளின் குணம் அதில் தெரிகிறது.

இந்த நாற்பது ஆண்டுகளில் நகரம் அடியோடு மாறியது. அவர் உறுப்பினரானபோது சென்னையில் மின்விளக்கு இல்லை. 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. குடிநீர் புழல் ஏரியிலிருந்து திறந்த கால்வாயில் வந்துகொண்டிருந்தது. வழியில் ஆடுமாடு இறங்கும், மக்கள் குளிப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் நகரம் குடித்தது, காலராவும் தவறாமல் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்த பிறகுதான் வடிகட்டிய தண்ணீர் குழாயில் ஏறியது. இதை வடிவமைத்தது மேட்லி என்ற பொறியாளர். தியாகராயருக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுப்பது சரியாகாது. ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு திட்டமும் மன்றத்தில் பணம் ஒதுக்கினால்தான் நடக்கும். அந்த விவாதங்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர் என்ற வகையில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. சட்டசபைக்கும் டெல்லிக்கும் போனவர்கள் சுயராஜ்யம் பற்றிப் பேசினார்கள். மன்றத்தில் இருந்தவருக்கோ பதவி என்றால் என்ன, அது யார் கையில் இருந்தால் யாருக்குக் குழாய் வரும் என்பது கண்கூடாகத் தெரியும். பின்னாளில் அவருடைய கட்சி உத்தியோகத்தையும் பிரதிநிதித்துவத்தையுமே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் சென்னையின் முதல் மேயரா?

இல்லை. பலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம், தலைவர் பதவியையும் நிர்வாகத்தையும் பிரித்தது. நிர்வாகத்துக்குக் கமிஷனர், சபைக்கு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் தலைவர். அப்படித் தேர்வான, அதிகாரி அல்லாத முதல் தலைவர் தியாகராயர். பதவியின் பெயர் 'தலைவர்'தான். அது 'மேயர்' என்று மாறியது 1933இல். அப்போது அந்தப் பட்டத்தை ஏற்றவர் ராஜா முத்தையா செட்டியார்.

மதிய உணவுத் திட்டத்தை இவர்தான் தொடங்கினாரா? காமராஜர் இல்லையா?

இருவரும்தான், ஆனால் இரண்டு வேறு அளவில். இதைச் சண்டையாக்க வேண்டியதில்லை.

ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். பசியோடு வரும், அல்லது வரவே வராது. வறுமையால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது, அங்கேயே சாப்பாடு போட்டால் வருவார்கள் என்று தலைவராக இருந்த தியாகராயர் மன்றத்தில் சொன்னார். 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒப்புக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை கூடியது.

நின்றது ஏன் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. பணம் இல்லாமல் நிற்கவில்லை. தொடக்கக் கல்விச் சட்டப்படி கல்வி நிதி என்று தனியாக ஒன்று இருந்தது. அந்த நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக்கூடாது என்று அரசாங்கம் 1925இல் தடுத்துவிட்டது. கல்வி என்றால் பலகை, ஆசிரியர், புத்தகம். சோறு எப்படிக் கல்வி ஆகும் என்பது கணக்கு அதிகாரியின் கேள்வி.

பிறகு 1956இல் காமராஜர் ஆட்சியில் அது மாநிலம் முழுக்கப் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார், 2022இல் காலை உணவு வந்தது. மாநில அளவுக்குக் கொண்டுபோன பெருமை காமராஜருடையது. நகர மன்றமே தன் பணத்தில் இதைச் செய்யலாம் என்று முதலில் செய்து காட்டியது தியாகராயரின் மன்றம்.

அவர் காங்கிரஸ்காரராக இருந்தாரா?

இருந்தார். சென்னையில் மூன்றாவது காங்கிரஸ் மாநாடு 1887இல் ஆயிரம் விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் நடந்த காலத்திலேயே அந்த வட்டத்தில் இருந்தவர். உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்ற கொள்கை நெசவாலை வைத்திருப்பவருக்கு இனிக்காதா?

அப்புறம் ஏன் மாறினார்?

1916ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தல்களில் பிராமணரல்லாத தலைவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். தியாகராயரும் தோற்றார், நாயரும் தோற்றார். அதே நேரம் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் சென்னையில் வேகம் பிடித்தது. தன்னாட்சி வந்தால் அது யாருடைய ஆட்சியாக இருக்கும் என்ற கேள்வி எழுந்தது.

1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் வழக்கறிஞர் எதிராஜுலு முதலியார் வீட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். பத்திரிகை நடத்த ஒரு கூட்டுப்பங்கு நிறுவனம் தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். இதைக் கவனியுங்கள்: மேடை போட்டு முழங்குவதற்கு முன்னால் பங்கு திரட்டிக் கம்பெனி பதிவு செய்கிறார்கள். வணிகர் தலைமையில் கட்சி தொடங்கினால் இப்படித்தான் தொடங்கும். இங்கிலீஷில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திர பிரகாசிகா' என்று மூன்று பத்திரிகைகள். கட்சியின் அதிகாரப்பூர்வப் பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். மக்கள் வாயில் நின்றதோ பத்திரிகையின் பெயர்.

அடுத்த மாதம் தியாகராயர் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. உணர்ச்சியை விடக் கணக்கு அதிகம் உள்ள ஆவணம் அது. மாகாணத்தின் 4.15 கோடி மக்களில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் பிராமணரல்லாதவர்கள் என்கிறது. 1913இல் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் (கீழ்நிலை நீதிபதிகள்) 128 பேரில் 93 பேர் பிராமணர்கள், 25 பேர் பிராமணரல்லாத இந்துக்கள் என்று எண்ணிக் காட்டுகிறது. பேரேட்டைத் திறந்து வைத்து 'நீங்களே கூட்டிப் பாருங்கள்' என்று சொல்வது போன்ற நடை.

கோயில் விழாவில் அவமானப்பட்டதால்தான் கட்சி தொடங்கினார் என்கிறார்களே?

கதை இப்படிப் போகும்: குடமுழுக்குக்கு இவர் 10,000 ரூபாய் கொடுத்தார், ஆனால் விழா அன்று அவரிடமே குமாஸ்தாவாக இருந்த பிராமணருக்கு மேலே இடம், பணம் கொடுத்தவருக்குக் கீழே இடம். கோயில் மயிலாப்பூர் என்று சிலர் சொல்வார்கள், திருவல்லிக்கேணி என்று சிலர் சொல்வார்கள். இடமே மாறி மாறி வரும் கதையை நான் அப்படியே சாட்சியாக வைக்கமாட்டேன்.

அப்படி ஒன்று நடந்திருக்கவே முடியாது என்பதல்ல. அந்தக் காலத்துக் கோயில்களில் அது நாள்தோறும் நடந்ததுதான், கோயிலுக்குப் பணம் கொடுத்த எத்தனையோ செட்டியார்களும் முதலியார்களும் அனுபவித்தது. ஆனால் ஒரு அவமானம் ஒரு கட்சியை உண்டாக்கிவிடாது. முன்சீப்புக் கணக்கும் தேர்தல் தோல்வியும்தான் ஆட்களைச் சேர்த்தன.

டி.எம். நாயரும் இவரும் எதிரிகள் என்பது உண்மையா?

மன்றத்தில் ஆமாம். நாயர் திருவல்லிக்கேணி உறுப்பினர், டாக்டர், கூர்மையான நாக்கு. தியாகராயர் நிதானமான பழைய தலைமுறை வணிகர். இருவரும் மன்றத்தில் அடிக்கடி மோதியவர்கள். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி நடத்திய டாக்டர் நடேச முதலியார்தான் இருவரையும் சேர்த்துவைத்தார். அந்தச் சமரசம் இல்லையென்றால் நீதிக்கட்சி இல்லை. நடேசனார் பெயர் மூவரில் கடைசியாக வருவது எனக்கு எப்போதும் நியாயமாகப் பட்டதில்லை. நாயர் 1919 ஜூலையில் லண்டனில் இறந்துவிட, கட்சியின் பாரம் தியாகராயர் மேல் விழுந்தது.

முதலமைச்சர் பதவியை ஏன் வேண்டாம் என்றார்?

1920 நவம்பர் தேர்தலில் நீதிக்கட்சி 98 இடங்களில் 63ஐப் பிடித்தது. காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளுநர் வில்லிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்து, கடலூர் வழக்கறிஞர் ஏ. சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டினார். டிசம்பர் 17 அன்று ரெட்டியார் பதவியேற்றார். உடல்நலம் கெட்டு அடுத்த ஆண்டே அவர் விலக, பனகல் அரசர் வந்தார்.

ஏன் மறுத்தார் என்பதற்குத் தியாகம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது வழக்கம். வயது 68 என்பது ஒன்று. இரட்டையாட்சியில் மந்திரிகளுக்குக் கிடைத்தது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள்தான். நிதியும் போலீசும் ஆளுநரின் ஆட்களிடம் இருந்தன. அவருக்கோ கையில் ஏற்கெனவே மாநகராட்சித் தலைவர் பதவி இருந்தது, கட்சித் தலைமையும் இருந்தது. நாற்பது வருஷம் பழகிய இடத்தை விட்டுப் பாதி அதிகாரமுள்ள நாற்காலிக்குப் போக அவருக்கு அவசரமில்லை என்றே எனக்குப் படுகிறது. இதனால் தியாகம் சிறியதாகிவிடாது. அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் அவருடைய கட்சியிலேயே நிறையப் பேர்.

'வெள்ளுடை வேந்தர்' என்ற பெயர் எப்படி வந்தது?

எப்போதும் வெள்ளை உடைதான். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் இவர் வரவேற்க வேண்டும். அரசு விழாவுக்குரிய உடுப்பு போட மாட்டேன், என் வழக்கமான வெள்ளை உடையில்தான் வருவேன் என்றார், ஆளுநரும் சம்மதித்தார் என்று சொல்லப்படுகிறது. அதே நாட்களில் காங்கிரஸ்காரர்கள் இளவரசரின் வருகையைப் புறக்கணித்து ஹர்த்தால் நடத்தினார்கள், நகரத்தில் கலவரமே நடந்தது. உடையில் விட்டுக்கொடுக்காதவர் வரவேற்பை மட்டும் கொடுத்தார் என்று அன்றைக்குக் கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள்.

நாத்திகரா?

இல்லவே இல்லை. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர், வைதிகச் சடங்குகளை விடாதவர். பின்னாளைய பகுத்தறிவு இயக்கத்தை அவர் மேல் ஏற்றிப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது 1944இல், சேலத்தில். இவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து.

அவர் மேல் குறையே இல்லையா?

நிறைய உண்டு, அவர் கட்சிக்காரர்களே சொன்னவை.

முதல் மந்திரிசபையில் இருந்த மூவருமே தெலுங்கு வட்டத்தவர்கள். தமிழ்ப் பகுதித் தலைவர்களுக்கு இது உறுத்தியது. நடேச முதலியாருக்கு மந்திரி பதவி கிடைக்காதது இன்னும் உறுத்தியது. 1923 தேர்தலுக்குப் பிறகுதான் டி.என். சிவஞானம் பிள்ளை உள்ளே வந்தார். கட்சி ஒருசிலர் கையிலேயே இருக்கிறது, தியாகராயர் சொன்னதுதான் முடிவு என்று சி.ஆர். ரெட்டி போன்றவர்கள் பிரிந்து போனார்கள். 1923 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானமே வந்தது, ஆட்சி தப்பித்தது.

அதைவிடக் கனமான குறை ஒன்று. 1921இல் பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தில், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. நீதிக்கட்சியின் தலைவர்கள் பலர், அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுவதாகக் குற்றம் சாட்டினார்கள். பிராமணரல்லாதார் எல்லோருக்குமான கட்சி என்று சொன்னவர்கள் அந்த இடத்தில் யார் பக்கம் நின்றார்கள் என்பது மறையவில்லை. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா பின்னர் கட்சியை விட்டு விலகினார். தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கு இதில் பொறுப்பு உண்டு. அவரைப் புகழும் மேடைகளில் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது வழக்கமாகிவிட்டது.

தி.நகரை இவர்தான் கட்டினாரா?

இல்லை, பெயர் மட்டும் இவருடையது. கட்டியது பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி, 1923 முதல் 1925 வரையிலான காலத்தில். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து, மாம்பலத்தில் மனைகள் போட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றும் இன்னும் பெயர்கள் இருக்கின்றன. ஏரிதான் இல்லை. ஐப்பசி மழையில் அது தன் இடத்தைத் தேடி வரும்போது மட்டும் ஊருக்கு ஞாபகம் வரும்.

தெருப் பெயர்களைப் படித்தால் கட்சியின் வருகைப் பதிவேடே கிடைக்கும். பனகல் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, நடேசன் தெரு, உஸ்மான் சாலை, கோபதி நாராயணசாமி செட்டி பெயரில் ஜி.என். செட்டி சாலை, தணிகாசலம் சாலை. பாண்டி பஜார் என்று நாம் சொல்வது சௌந்தரபாண்டியனார் அங்காடியை. அது இருக்கும் தெருதான் தியாகராய சாலை. அதாவது பாண்டி பஜாரில் நடக்கிறவர் தியாகராயர் மேல்தான் நடக்கிறார், பெயர் மட்டும் இன்னொருவருடையதைச் சொல்கிறார்.

அவருடைய அடையாளங்களை எங்கே பார்க்கலாம்?

ரிப்பன் மாளிகை வளாகத்தில் சிலை இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடம்தான், நடந்தே போகலாம். தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் மாநகராட்சியின் சர் பிட்டி தியாகராயர் அரங்கம் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவர் பெயரில் பள்ளியும் 1950இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கின்றன. வடசென்னைப் பிள்ளைகளில் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பலர் அந்தக் கல்லூரிக்காரர்கள். சிலையைவிட அதுதான் அவருக்குப் பொருத்தமான அடையாளம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது அந்தக் கல்லூரியின் பெயரிலேயே ஒரு நிலையமும் வந்தது. தி.நகரில் துணி எடுக்கப் போகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அங்கே இறங்கிவிட வேண்டாம். அது நகரத்தின் இன்னொரு கோடி.